ஹைவேல ஜில்லு, சிக்னல்ல அனல்

கார் ஏசி கூல் ஆகலன்னு எந்த ஏசி கடைக்கு வேணா போய் நில்லுங்க, பானட்ட தூக்குறதுக்கு முன்னாடியே "கேஸ் கொறஞ்சிருக்கும் சார், அடிச்சிட்டா சரியாயிடும்"னு சொல்லிடுவாங்க. நாமளும் தலையாட்டிட்டு டீ குடிக்க போயிடுவோம். எனக்கு ரொம்ப நாளாவே இதுல ஒரு கடுப்பு. ஏன்னா கேஸ் ஓட ஓட செலவாகுற பொருளே கிடையாது, கேஸ அமுக்குற கம்ப்ரஸர், அங்கருந்து சூட்ட வெளிய விடுற கண்டென்சர், ஈரத்த உறிஞ்சுற ட்ரையர், அழுத்தத்த கொறைக்கிற எக்ஸ்பான்ஷன் வால்வ், டேஷ்போர்டுக்குள்ள இருக்குற கூலிங் காயில், திரும்ப கம்ப்ரஸர்னு மூடுன பைப்புக்குள்ளயே சுத்திக்கிட்டு இருக்குற சாமான் அது. வருஷக்கணக்குல ரப்பர் ஹோஸ் வழியாவும் கம்ப்ரஸர் சீல் வழியாவும் கொஞ்சூண்டு கசியும், அது வேற. ஆனா போன சம்மர்ல அடிச்ச கேஸ் இந்த சம்மர்ல இல்லன்னா எங்கயோ ஓட்டை இருக்குன்னு அர்த்தம், அத தேடாம திரும்ப கேஸ் அடிச்சு விடுறது நம்ம காச காத்துல விடுறது, நெஜமாவே காத்துலதான் போகுது.

அத விட மோசம் என்னன்னா கேஸ் கரெக்டா இருக்குற வண்டிக்கு மேல மேல அடிக்கிறது. இந்த கத்திரி வெயில்ல என் மச்சினன் வண்டிக்கு அதுதான் நடந்துச்சு. அத கொஞ்சம் விலாவாரியா எழுதுறேன், ஏன்னா நம்ம ஊரு வெயிலும் நம்ம ஊரு டிராபிக்கும் சேர்ந்தா இந்த பிரச்சனை வராத பழைய வண்டி கம்மி.

அவன் வேலூர்ல இருக்கான், பழைய ஹேட்ச்பேக். மே மாசத்து வேலூர பத்தி நான் சொல்லணும்னு இல்ல, 40 டிகிரிய தாண்டுச்சுன்னு நியூஸ்ல சொன்னா "இன்னிக்கு பரவால்ல போல"ன்னு நெனைக்கிற ஊரு. போன் பண்ணி "மாமா, ஏசி சுத்தமா வேஸ்ட் மாமா, கேஸ் கூட அடிச்சிட்டேன், முன்னாடி இருந்ததுக்கு இப்ப இன்னும் மோசமா இருக்கு"ன்னான். எப்போடா கூல் ஆகலன்னு கேட்டேன். "எப்பவுமேதான்"னான். ஏசி விஷயத்துல எப்பவுமேன்னு சொல்றவங்கள நான் நம்ப மாட்டேன். நோண்டி நோண்டி கேட்டா விஷயம் வெளிய வருது: காலைல ஏழு மணிக்கு எடுத்தா நல்லா இருக்கு, ஆம்பூர் பக்கம் ஹைவேல எண்பதுல போனா ஜில்லுனு இருக்கு, திரும்பி வந்து கிரீன் சர்க்கிள்ல மாட்டுனா கொஞ்ச நேரத்துல வெறும் காத்து, காட்பாடி ரோட்டுல லாரி பின்னாடி ஊர்ந்தா வெந்நீர் ஆவி மாதிரி அடிக்குது, பசங்க பின் சீட்டுல சட்டைய கழட்டிடுறாங்க.

ஓடுனா கூலிங், நின்னா இல்ல. இந்த ஒரு வரி கெடச்சா பாதி வேலை முடிஞ்சுது.

ஏன்னு சொல்றேன். இப்ப ரோட்டுல ஓடுற நம்ம ஊரு கார்கள்ல பெரும்பாலும் இருக்குற கேஸ் ஆர்134ஏ, அத தொறந்து விட்டா மைனஸ் 26 டிகிரிலயே கொதிச்சு ஆவியாயிடும். கூலிங் காயிலுக்குள்ள கம்மி அழுத்தத்துல கொதிக்குது, கொதிக்கிறதுக்கு வேண்டிய சூட்ட கார் உள்ள இருக்குற காத்துல இருந்து உறிஞ்சிக்குது, நமக்கு ஜில்லுங்குது. உறிஞ்சுன சூட்ட எங்கயாவது கொட்டணும்ல, அந்த குப்பைத்தொட்டிதான் கண்டென்சர், ரேடியேட்டருக்கு முன்னாடி கிரில்லுக்கு பின்னாடி ஜல்லடை மாதிரி நிக்குமே அது. வெளிய 40 டிகிரி வெயில்னா கண்டென்சர் அத விட நல்லா சூடா இருந்தாதான் சூடு வெளிய போகும், அதனால கம்ப்ரஸர் கேஸ அமுக்கி அமுக்கி 55, 60 டிகிரிக்கு கொண்டு போகுது. 60 டிகிரில ஆர்134ஏ திரவமாகணும்னா ஹை சைடு, அதாவது கம்ப்ரஸர் அமுக்கி வெளிய தள்ளுற பக்கத்து அழுத்தம் சுமாரா 230 பிஎஸ்ஐ. வண்டி ஓடும்போது எதிர்காத்து கண்டென்சர் மேல அடிச்சு சூட்ட வாரிட்டு போயிடும். நிக்கும்போது அந்த வேலைய செய்ய பின்னாடி இருக்குற ஃபேன் ஒண்ணுதான் கதி. ஃபேன் சொதப்புனா கண்டென்சர்ல சூடு தங்குது, அழுத்தம் 300ஐ தாண்டுது, எக்ஸ்பான்ஷன் வால்வுக்கு போக வேண்டிய லிக்விடு பாதி ஆவியாவே போகுது, கூலிங் செத்துடும். இன்னும் ஏறுனா பிரஷர் சுவிட்ச் கம்ப்ரஸரையே கட் பண்ணிடும், அப்ப வர்றது வெறும் ப்ளோயர் காத்து.

ஞாயித்துக்கெழமை அங்க போயிருந்தப்ப வண்டிய மதியம் ரெண்டு மணி வெயில்ல நிறுத்தி ஏசிய ஆன் பண்ண சொன்னேன். பானட்ட தூக்கிட்டு பாத்தா ஃபேன் சுத்துது. மச்சினன் "பாருங்க மாமா, ஃபேன் ஓடுது, அந்த கடைக்காரரும் ஃபேன் ஓகேன்னுதான் சொன்னாரு"ன்னான். இங்கதான் எல்லாரும் ஏமாறுறாங்க. ஃபேன் சுத்துறது வேற, காத்த இழுக்குறது வேற. ஒரு நியூஸ் பேப்பர் தாள எடுத்து முன்னாடி கிரில்ல வெச்சு கைய எடுத்து பாருங்க. ஃபேன் நல்லா இருந்தா தாள் அப்படியே கிரில்லோட ஒட்டிக்கும், இழுத்தாதான் வரும். அவன் வண்டில தாள் ஒரு தடவ லேசா ஆடிட்டு வழுக்கி கீழ விழுந்துடுச்சு. ஒரு எச்சரிக்கை, இந்த ஃபேன் கிட்ட கைய கொண்டு போகாதீங்க, நின்னுட்டு இருக்குற ஃபேன் எப்ப வேணா தானா ஸ்டார்ட் ஆகும், சில வண்டில இன்ஜின ஆஃப் பண்ண அப்புறமும் ஓடும்.

அவங்க தெருவுக்கு ரெண்டு தெரு தள்ளி ஒரு பாய் இருக்காரு, கார் எலக்ட்ரிக்கல், ஏசி ரெண்டும் பாப்பாரு, பேச்சு கம்மி. வண்டிய அங்க கொண்டு போனோம். அழுத்தம் பாக்குற கேஜ மாட்டுனாரு, ஹை சைட காட்டுற சிவப்பு கேஜ் 350ஐ தொட்டுட்டு நிக்குது, கம்ப்ரஸருக்கு திரும்பி வர்ற கம்மி அழுத்த பக்கத்த காட்டுற நீல கேஜும் இருக்க வேண்டியத விட மேல. "ரெண்டு பக்கமும் ஏறியிருக்கு தம்பி, எவ்ளோ கேஸ் அடிச்சாங்க?"ன்னு கேட்டாரு. மச்சினனுக்கு தெரியல, "நல்லா ஃபுல்லா அடிச்சிருக்கோம்னு சொன்னாங்க பாய்"னான். பாய் சிரிக்கல. பக்கெட்ல இருந்து ஒரு மக்கு தண்ணி மோந்து கிரில் வழியா கண்டென்சர் மேல வீசுனாரு, புஸ்ஸுனு ஆவி கெளம்புச்சு, நான் கேஜ பாத்துட்டே இருந்தேன், முள்ளு கண்ணு முன்னாடி சரசரன்னு எறங்கி 240 பக்கம் வந்துச்சு. உள்ள உக்காந்திருந்த மச்சினன் "மாமா ஜில்லுனு வருது!"ன்னு கத்துறான். தண்ணி காஞ்சதும் முள்ளு திரும்ப ஏற ஆரம்பிச்சுது.

இந்த தண்ணி டெஸ்ட்ட கேஜ் இல்லாமலே நீங்களே வீட்டு வாசல்ல பண்ணலாம். வண்டி நின்னுட்டு இருக்கும்போது கண்டென்சர் மேல தண்ணி அடிச்சதும் கூலிங் உயிர் வந்தா பிரச்சனை கண்டென்சர் சூட்ட வெளிய தள்ளுற பக்கம்: ஃபேன், அழுக்கு, இல்லன்னா ஓவர் கேஸ். தண்ணி ஊத்தியும் மாற்றமே இல்ல, ஆனா நிக்கும்போதே ஆக்ஸிலரேட்டர லேசா மிதிச்சு 2000 ஆர்பிஎம் வெச்சா மட்டும் கூல் ஆகுதுன்னா கம்ப்ரஸர் தேஞ்சு போயிருக்க வாய்ப்பு அதிகம், அப்ப கேஜ்ல நேர் எதிரா காட்டும், நீலம் கூட, சிவப்பு கம்மி. இந்த ரெண்டுக்கும் வெளிய தெரியுற அறிகுறி ஒண்ணுதான், ஓடுனா கூலிங் நின்னா இல்ல. அதனாலதான் ஃபேன் மோட்டார் போன வண்டிக்கு கம்ப்ரஸர் மாத்துற கொடுமை எல்லாம் நடக்குது.

பாய் மல்டிமீட்டர எடுத்து ஃபேன் கனெக்டர்ல வெச்சாரு, 13.6 வோல்ட் வருது. கரன்ட் ஃபுல்லா வந்தும் மெதுவா சுத்துதுன்னா மோட்டார்தான் குற்றவாளி. அதுவே 9, 10 வோல்ட்டுதான் வருதுன்னா ரிலே, உருகுன கனெக்டர், துரு புடிச்ச எர்த்து இதுங்கள தேடணும், மோட்டார மாத்தி பிரயோஜனம் இல்ல. கழட்டி பாத்தா உள்ள மோட்டாருக்கு கரன்ட் கடத்துற கார்பன் பிரஷ் நகம் அளவுக்கு தேஞ்சு போயிருந்துச்சு, கறுப்பு பொடி கொட்டுது. அந்த பிரஷ் உரசுற கம்யூட்டேட்டர்லயும் கோடு விழுந்திருந்ததால பிரஷ் மட்டும் போடாம மோட்டாரையே மாத்திட்டாரு.

மாத்துனதும் பாய் பண்ணது எனக்கு ரொம்ப புடிச்சுது: அவரும் ஒரு பேப்பர் துண்ட எடுத்து கிரில்ல வெச்சாரு. ஏன் பாய்னு கேட்டா "ஒயர் மாத்தி குடுத்துட்டா ஃபேன் உல்டா சுத்தும் தம்பி, பாக்க நல்லா ஓடுற மாதிரிதான் இருக்கும், காத்த முன்னாடி தள்ளும்"னாரு. யோசிச்சா பகீர்னு இருக்கு, எதிர்காத்து ஒரு பக்கம் தள்ள ஃபேன் இன்னொரு பக்கம் தள்ள, ஹைவேலயும் கூலிங் கொறையும், யாரும் ஃபேன சந்தேகப்படவே மாட்டாங்க, புதுசு ஆச்சே.

அப்புறம் கேஸ். பானட் அடில ஸ்டிக்கர் ஒண்ணு இருக்கும், அதுல எந்த கேஸ், எத்தன கிராம்னு கம்பெனிலயே போட்டிருப்பாங்க, சின்ன கார்னா பெரும்பாலும் 350ல இருந்து 500க்குள்ள. அவன் வண்டிக்கு 400 பக்கம். உள்ள இருக்குற கேஸ வெளிய எடுக்குற ரெகவரி மெஷின்ல பாய் இழுத்தா 550ஐ தாண்டி வருது. கேஸ் கூட இருந்தா கூலிங் கூட வரும்னுதான் எல்லாரும் நெனைக்கிறாங்க, ஆனா மிச்ச லிக்விடு கண்டென்சரோட அடிப்பகுதில போய் தேங்கிக்கும், சூட்ட வெளிய விடுறதுக்கு இருக்குற எடம் சுருங்கிடும், அழுத்தம் இன்னும் ஏறும். ஏற்கனவே ஃபேன் வீக்கு, அதுல இது வேற. "கேஸ் அடிச்சதுக்கு அப்புறம்தான் மோசமாச்சு"ன்னு அவன் சொன்னதுக்கு காரணம் இதுதான்.

அழுத்தத்த வெச்சே கேஸ் அளவ சொல்லிடலாம்னு சிலர் வாதாடுவாங்க. முடியாது. ஓடும்போது ஏறுற அழுத்தத்துக்கு ஃபேனும் அழுக்கும் கூட காரணமா இருக்கலாம், இன்ஜின் ஆஃப்ல இருக்கும்போது வீட்டு கேஸ் சிலிண்டர் மாதிரிதான், உள்ள கொஞ்சமாவது திரவம் இருக்குற வரைக்கும் அழுத்தம் மாறாது, நெறைய இருந்தாலும் கால்வாசி இருந்தாலும் அடுப்பு ஒரே மாதிரிதான் எரியும், தூக்கி பாத்தாதான் தெரியும். இன்ஜின் ஆஃப்ல, வண்டி ஆறி இருக்கும்போது 30 டிகிரில ரெண்டு கேஜும் 95, 100 பிஎஸ்ஐ பக்கம் நின்னா கேஸ் "இருக்கு"ன்னு மட்டும்தான் அர்த்தம், "எவ்ளோ"ன்னு தெரியாது. எடை போட்டு அடிக்கிறதுதான் ஒரே வழி. அதனால கடைல கேக்க வேண்டிய கேள்வி "எவ்ளோ ஆகும்"ங்கறது இல்ல, "எத்தன கிராம் வெளிய வந்துச்சு, எத்தன கிராம் உள்ள போச்சு"ங்கறதுதான். தராசு இல்லாத கடைன்னா நான் வண்டிய திருப்பிடுவேன், யாரு என்ன நெனச்சாலும் சரி.

வேக்கம் போடுறதுலயும், அதாவது கேஸ் ஏத்துறதுக்கு முன்னாடி பைப்புக்குள்ள இருக்குற காத்தையும் ஈரத்தையும் பம்பு வெச்சு உறிஞ்சி எடுக்குறதுலயும், அவசரம் கூடாது. குறைஞ்சது அரை மணி நேரமாவது பம்பு ஓடணும், ஓடி முடிஞ்சதும் வால்வ மூடிட்டு கேஜ் முள்ளு அங்கயே நிக்குதான்னு பாக்கணும், ஏறுனா லீக்கு. அஞ்சு நிமிஷம் வேக்கம் போட்டுட்டு கேஸ் ஏத்துனா உள்ள ஈரம் தங்கும், அந்த ஈரம் எக்ஸ்பான்ஷன் வால்வுல ஐஸா புடிச்சு அடைக்கும், ஆயிலோட சேர்ந்து ஆசிடாகி உள்பக்கம் அரிக்கும். சிஸ்டத்த தொறந்தா ட்ரையரையும் மாத்துறது நல்லதுன்னு சொல்றது இதுக்குத்தான். கேஸ்லயும் கலப்படம் வருது, எல்பிஜி வகை ஹைட்ரோகார்பன் கலந்த சரக்கு, அது கூல் ஆகத்தான் செய்யும், ஆனா தீப்புடிக்கிற சாமான், டேஷ்போர்டுக்குள்ள லீக் ஆனா என்ன ஆகும்னு நெனச்சு பாத்துக்கோங்க. விலை ரொம்ப கம்மியா சொன்னா சந்தேகப்படுங்க.

கண்டென்சர் அழுக்க பத்தியும் சொல்லிடுறேன். பூச்சி, பஞ்சு, சேறு எல்லாம் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல இருக்குற சந்துல அடைஞ்சிருக்கும், முன்னாடி பாத்தா பளிச்சுனு இருக்கும், டார்ச் அடிச்சு மேலருந்து பாத்தாதான் தெரியும். சாதா ஹோஸ் தண்ணி போதும், வாட்டர் சர்வீஸ் கன்ன கிட்ட வெச்சு அடிச்சா அந்த மெல்லிசு தகடு எல்லாம் மடங்கி படுத்துக்கும், அப்புறம் காத்து போக வழியே இருக்காது. கிரில்ல மறைக்கிற மாதிரி எக்ஸ்ட்ரா லைட்டு, பெரிய கட்சி போர்டு, ஆயுத பூஜைக்கு கட்டுன மாலை காஞ்சு சருகாகி தொங்குறது, இது எல்லாமே கூலிங்க திருடும். கடைசி ஒண்ணு நெஜமாவே ஒரு வண்டில பாத்தேன், தீபாவளி தாண்டியும் அவுக்கல.

இப்ப வேற மாதிரி அறிகுறி இருந்தா என்னன்னு வேகமா சொல்லிடுறேன். காலைல வண்டி எடுத்ததும் சூப்பரா கூல் ஆகுது, இன்ஜின் சூடான அப்புறம் கூலிங் மங்குது, ஹைவேலயும் அதே கதைன்னா, ஹீட்டர் காத்து கலக்குது. டெம்பரேச்சர் நாப் ஃபுல் கோல்டுல இருந்தாலும் உள்ள இருக்குற ஃப்ளாப் சரியா மூடாம இருக்கும், கேபிள் கழண்டிருக்கும். நம்ம மெக்கானிக்குங்க ஹீட்டர் ஹோஸையே பைபாஸ் பண்ணி விட்டுடுவாங்க, சமவெளில ஓகே, ஊட்டி கொடைக்கானல் போற ஆளுன்னா கண்ணாடி பனி மூடும்போது அழுவீங்க.

நைட்டு பெங்களூர் போறீங்க, ஒரு மணி நேரம் கழிச்சு காத்தோட வேகமே கொறையுது, ப்ளோயர் சத்தம் மட்டும் கேக்குது, ஏசிய கொஞ்ச நேரம் ஆஃப் பண்ணி வெச்சா திரும்ப வருதுன்னா கூலிங் காயில்ல ஐஸ் புடிக்குது. கேபின் ஃபில்டர் அடைச்சிருக்கலாம், காயில்ல குத்தியிருக்குற டெம்பரேச்சர் சென்சார் எடம் மாறியிருக்கலாம், கேஸ் கொஞ்சம் கம்மியா இருந்தாலும் இப்படி ஆகும். கேபின் ஃபில்டர் முக்காவாசி வண்டில குளோவ் பாக்ஸ கழட்டுனா கைக்கு வந்துடும், நம்ம தூசிக்கு பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவ பாருங்க, அத மாத்தி மட்டுமே சரியான வண்டி எனக்கு தெரிஞ்சு நெறைய. சில பழைய மாடல்ல ஃபில்டரே கெடையாது, தூசி நேரா காயில்ல போய் அடையும்.

கம்ப்ரஸர இன்ஜினோட சேத்து விடுற கிளட்ச் சில செகண்டுக்கு ஒரு தடவ டக் டக்னு புடிச்சு விடுதுன்னா அங்கதான் உண்மையிலயே கேஸ் கம்மின்னு சந்தேகப்படலாம். அப்பவும் முதல்ல லீக்க தேடுங்க. கேஸ் கசியுற எடத்துல ஆயிலும் சேர்ந்து கசியும், அதுல தூசி ஒட்டி கறுப்பா எண்ணெய் பிசுக்கா தெரியும், பைப் ஜாயின்ட்டு, கம்ப்ரஸர் முகப்பு, கல்லடி பட்ட கண்டென்சர் மூலைன்னு விரல வெச்சு தடவி பாத்தாலே ஓரளவு மாட்டும். ஜாயின்ட்டுல இருக்குற ரப்பர் வளையம் (ஓ ரிங்) போயிருந்தா செலவு கம்மிதான். வெளிய எங்கயும் இல்லன்னா கூலிங் காயில், அதுக்கு பல வண்டில டேஷ்போர்டையே கழட்டணும், அத செய்யுறதுக்கு முன்னாடி நைட்ரஜன் ஏத்தி அழுத்தம் கொறையுதான்னு பாத்தோ, கசியுற எடத்த காட்டிக்குடுக்குற சாயம் (டை) போட்டோ லீக்க கன்ஃபார்ம் பண்ண சொல்லுங்க, ஏன்னா ஒரு தடவ கழட்டுன டேஷ்போர்டு ஜென்மத்துக்கும் கீச்சு கீச்சுனு சத்தம் போடும்.

மச்சினன் வண்டிக்கு வருவோம். மோட்டார் மாத்தி, கேஸ ஸ்டிக்கர் கணக்குக்கு எடை போட்டு ஏத்துனதுக்கு அப்புறம் நடு வென்ட்ல ஒரு கிச்சன் தெர்மாமீட்டர சொருகி வெச்சு பாத்தோம், ரீசர்குலேஷன் (உள்காத்தையே திரும்ப சுத்த விடுற பட்டன்) ஆன், ப்ளோயர் ரெண்டாவது ஸ்பீடு. ஓடும்போது 8 டிகிரி, அதே கிரீன் சர்க்கிள்ல நிக்கும்போது 12, 13. நின்னா கொஞ்சம் ஏறத்தான் செய்யும், சின்ன இன்ஜின், ஐடில்ல கம்ப்ரஸர் மெதுவாதான் சுத்தும், வேலூர் மே மாசத்துக்கு இது ராஜ மரியாதை.

ஆனா போன வாரம் சென்னைக்கு போனவன் "மாமா, பீச் பக்கம் கொஞ்சம் கம்மியா இருக்கு"ன்னு மறுபடி போன். வெயில் அங்க கம்மிதான், ஆனா காத்துல ஈரம் அதிகம். கூலிங் காயில் அந்த ஈரத்த தண்ணியாக்குறதுக்கே தன் பலத்துல பெரிய பங்க செலவு பண்ணிடும், காத்த குளிர வைக்க மிச்சம் இருக்குறது கொஞ்சம்தான். ரீசர்குலேஷன்ல இருக்கான்னு கேட்டேன், இல்லையாம், வெளிக்காத்துல வெச்சிருக்கான், அமுக்க சொன்னேன், பத்து நிமிஷத்துல "ஓகே மாமா"ன்னு மெசேஜ். அந்த ஊர்ல வண்டிக்கு அடில தண்ணி நல்லா சொட்டணும், சொட்டுனா காயில் வேலை செய்யுதுன்னு அர்த்தம். சொட்டலன்னா முன் சீட்டு மேட்ட தூக்கி பாருங்க, கீழ நனைஞ்சிருந்தா ட்ரெய்ன் பைப் அடைச்சிருக்கு, வண்டிக்கு அடில அந்த பைப்போட வாய்ல ஒரு மெல்லிசு ஒயர விட்டு நோண்டுனா போதும், அதுக்கும் யாராவது கேஸ் அடிக்கணும்னு சொன்னா வண்டிய எடுத்துட்டு வந்துடுங்க.